பொய் இடி

ஆடிப்பெருக்கு அன்று காலையில் மதுரை முழுக்க இடி இடித்தது. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. இடித்தது வானமல்ல, அரசாங்கம். உறக்கக் கூடங்களின் தரைக்கு அடியில் பதித்து வைத்திருக்கிற அதிர்வுப் பெட்டிகளை ஒரே நேரத்தில் முடுக்கிவிடுவார்கள். தரை திமுதிமுவென்று அதிரும். சித்திரை பிறந்ததிலிருந்து களிமண் தொட்டிகளில் படுத்துக் கிடக்கிற ஜனங்கள், மழை வந்துவிட்டது என்று நம்பி, உடம்பின் மேல் காகிதம் மாதிரிப் படிந்திருக்கிற தோல் உறையைக் கிழித்துக்கொண்டு எழுந்து உட்காருவார்கள்.

எங்கள் தெருக் கூடத்திலும் எழுந்தார்கள். ஒருத்தி எழுந்ததும் எழாததுமாகத் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். ஒரு பிள்ளை "இட்லி" என்று அழுதது. ஒரு கிழவர், சித்திரையில் பாதியில் விட்ட சண்டையைப் பக்கத்துத் தொட்டிக்காரரிடம் அப்படியே தொடர்ந்தார். எல்லாரையும் தாண்டி நான் கடைசி அறைக்குப் போனேன். எங்கள் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. போன ஆடிக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

என் பெயர் சஹானா. அவர் பெயர் தர்ஷன். இந்தப் பெயர்களைக் கேட்டாலே இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கும்; சஹானா, தர்ஷன், ரித்விக் என்றாலே கிழடு என்று அர்த்தமாம். சிரிக்கட்டும், அவர்களுக்கும் வயசாகாமலா போகும்? நாலு பேர் முன்னால் அவரை 'வாங்க, போங்க' என்பேன். தனியாக இருக்கும்போது வாடா போடாதான். அன்றைக்கு அந்த அறையில் யாரும் இல்லை. "எந்திரிடா, விடிஞ்சிருச்சு" என்று காதருகே குனிந்து சொன்னேன். உறைக்குள் அவர் முகம் மெழுகு பூசினது மாதிரி அமைதியாக இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. என் கோபம் ஊர் அறிந்தது.

கூடத்து டாக்டர் நிலவன் வந்து நின்றார். சின்ன வயசு, நல்ல பிள்ளை. கெட்ட செய்தி சொல்லும்போது சட்டைப் பொத்தானைத் திருகுகிற பழக்கம் உண்டு. திருகிக்கொண்டிருந்தார்.

"மேடம், இது ரெண்டாவது ஆடி. சட்டம் உங்களுக்கே தெரியும். எழுப்பு ஊசி போட்டுப் பாக்கலாமா?"

"ரெண்டாம் வருஷத்துல ஊசி போட்டவங்கள்ல யாராவது பொழைச்சாங்களா தம்பி?"

"எந்திரிச்சாங்க மேடம். பேசினாங்க."

"பொழைச்சாங்களான்னு கேட்டேன்."

"ஒரு வாரம்... அதுக்கு மேல சிறுநீரகம் தாங்கல." பொத்தான் கையோடு வந்துவிட்டது. "ஊசி வேண்டாம்னா, சட்டப்படி சார் இறந்தவர். சாயங்காலத்துக்குள்ள உடம்பை வாங்கிக்கணும். அடுத்த கோடைக்கு இந்தத் தொட்டிக்கு ஆள் காத்துக்கிட்டிருக்காங்க."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்! இறந்தவர். நான் அவர் நெற்றியைப் பார்த்தேன். போன வாரம் இருந்ததைவிட உறை ஒரு பூச்சு கூடுதலாகப் படிந்திருந்தது. செத்த உடம்பு எங்கேயாவது புதுத் தோல் போர்த்திக்கொள்ளுமா?

இதை நான் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நான் தவளைக்காரி. இந்தக் கோடை உறக்கத்துக்கான மருந்தே தவளையிலிருந்துதான் வந்தது. வைகைக்குத் தண்ணீர் வருவது நின்று, குடிநீரைச் செம்புக் கணக்கில் பங்கு போட ஆரம்பித்த காலத்தில், கோடை முழுக்க ஊர் ஜனம் தண்ணீரே குடிக்காமல் இருந்தால்தான் பிழைக்கலாம் என்ற நிலை வந்தது. அப்போது யாரோ ஒரு ஆராய்ச்சிக்காரருக்கு மண் தவளை ஞாபகம் வந்திருக்கிறது. அது கோடை வந்தால் பின்னங்காலால் குழி தோண்டி உள்ளே போய்விடும். தோலை உரித்து உரித்து அதையே போர்வையாகச் சுற்றிக்கொள்ளும். வாயால் குடிக்காது, வயிற்றுத் தோலால் ஈரமண்ணிலிருந்து உறிஞ்சும். மூச்சையும் பெரும்பாலும் தோல் வழியாகவே விடும். இதயம் எப்போதாவது ஒரு தடவை அடிக்கும். அந்தச் சங்கதியை மனித உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கிற மருந்து வந்தது. ஊர் தூங்கப் போனது. அந்தத் தவளைகளை வளர்க்கிற காப்பகத்தில் எனக்கு வேலை. அதனால் கோடையில் விழித்திருக்க அனுமதி பெற்ற சில பேரில் நானும் ஒருத்தி.

விழித்திருப்பது பெரிய பாக்கியம் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். சித்திரைப் பௌர்ணமி அன்று ஆளில்லாத கோரிப்பாளையத்தில் நடந்து பார்த்தால் தெரியும். எங்கள் இளவயதில் அந்த நாளில் அங்கே எள் போட்டால் எள் விழாது. முந்தின நாளே தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு அழைக்கிற எதிர்சேவை, ராத்திரி முழுக்கச் சர்க்கரைச் செம்பில் கற்பூரம், விடிந்தால் தங்கக் குதிரையில் அழகர் ஆற்றில் இறங்குவார். பச்சைப்பட்டு கட்டிக்கொண்டு வருகிறாரா என்று பார்க்க லட்சம் கழுத்து நீளும். பச்சை என்றால் அந்த வருஷம் நல்ல மழை. நீர்மோர்ப் பந்தல், பானகம், வெள்ளரிப் பிஞ்சில் மிளகாய்ப்பொடி, பிள்ளைகளுக்கு ஊதல், காணாமல் போன பிள்ளைகளை ஒலிபெருக்கியில் கூப்பிடும் சத்தம். இப்போது திருவிழாவை ஜனங்கள் எழுந்த பிறகு ஆவணிக்கு மாற்றிவிட்டார்கள். ஆவணியிலும் அழகர் வருகிறார். ஆனால் வெயிலில்லாமல், வேர்வையில்லாமல், காலில் மணல் சுடாமல் அது என்ன சித்திரைத் திருவிழா! சித்திரை என்றால் என்னவென்றே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. மாம்பழம் கூட அவர்களுக்கு டப்பாவில் வருகிற ஒன்றுதான்.

நான் தர்ஷனைப் பார்த்ததும் ஆற்றுக்குள்தான். கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். திருவிழாவுக்கு அணை திறந்துவிட்ட தண்ணீரோடு என்னென்ன தவளை வருகிறது என்று பார்க்க, கூட்டத்துக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு குட்டைகளில் குனிந்துகொண்டிருந்தேன். அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் தோல் பையில் தண்ணீரை நிரப்பிப் பீய்ச்சியடிப்பார்கள். சிவப்புத் தலைப்பாகை கட்டின ஒருத்தன் அடித்த வாசனைத் தண்ணீர் நேராக என் டப்பாவுக்குள் விழுந்தது.

"கண்ணு தெரியலையாய்யா? தவளைத் தோலு எதையும் உள்ள இழுத்துக்கும். உன் பன்னீரு அதுக்கு விஷம்!" என்று கத்தினேன்.

அவன் தோல் பையை இறக்கிவைத்துவிட்டு, "ஏங்க, அழகரே ஒரு தவளைக்காகத்தான் இம்புட்டுத் தூரம் நடந்து வர்றாரு. நான் ஒரு தவளையக் குளிப்பாட்டுனா வையிறீங்க?" என்றான்.

சாபத்தால் தவளையாகி வைகையில் கிடந்த மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கத்தான் அழகர் வருகிறார் என்ற கதையை, தவளை படிக்கிற எனக்கு அவன்தான் ஞாபகப்படுத்தினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தோடு மாட்டிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு அப்புறமும் அவர் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன தவளை?" என்பதுதான். தினம் ஒன்று சொல்வேன். குட்டையே தேடாமல், இலைக்கு அடியில் முட்டையிட்டு, அந்த முட்டைக்குள்ளேயே வால் முளைத்து வால் உதிர்ந்து, முழுத் தவளையாகவே வெளியே வருகிற மலைப்புதர்த் தவளையைப் பற்றி. வருஷம் முழுக்க மண்ணுக்குள் கறையான் தின்றுகொண்டு, மழைக்கு முந்தி கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வருகிற பன்றிமூக்குத் தவளையைப் பற்றி. நுரையீரலே இல்லாமல் தோலாலேயே காலம் தள்ளுகிற வாலுள்ள சாலமாண்டரைப் பற்றி. உடம்பெல்லாம் பனிக்கட்டியாக உறைந்து, வசந்தம் வந்ததும் உருகித் துள்ளுகிற குளிர்நாட்டுத் தவளையைப் பற்றி. கைகால் இல்லாமல் மண்புழு மாதிரி இருக்கிற, ஆனால் தவளைக்குச் சொந்தக்காரியான ஒன்றைப் பற்றியும் சொன்னேன். அதில் ஒரு வகைத் தாய், தன் தோலையே சத்தாக்கிப் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்கும். அன்றைக்கு அவர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த படத்தைத் துடைத்தார். அவருடைய அம்மா ஞாபகம் வந்திருக்கும்.

"இம்புட்டு வகை எதுக்கு சஹானா?" என்று ஒருநாள் கேட்டார்.

"தண்ணியிலயும் இருக்கணும், தரையிலயும் இருக்கணும். ரெண்டுலயும் முழுசா இருக்க முடியாது. அந்தச் சங்கடத்துக்கு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வழி கண்டுபிடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

"நம்மள மாதிரி" என்றார். எதை நினைத்துச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம்.

டாக்டர் போன பிறகு ரித்விக் வந்தான். தர்ஷனுக்கு ஒரே தம்பி. அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. அண்ணன் என்றால் உயிர். கதவருகிலேயே நின்று அழுதான். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மதினி, கையெழுத்துப் போட்டுருங்க. காரியத்தைப் பாப்போம். ஒரு வருஷமா அவன் அங்கிட்டும் இல்லாம இங்கிட்டும் இல்லாமக் கிடக்கான். பாக்கச் சகிக்கல" என்றான்.

"அவரு சாகல ரித்விக்கு."

"பின்ன ஏன் எந்திரிக்கல? இம்புட்டுப் பேரும் எந்திரிச்சிட்டாய்ங்கள்ல?"

"எங்க காப்பகத்துல மண்ணுத் தொட்டியில தவளை கிடக்கும். அதிர்வுப் பெட்டிய வச்சா மழைன்னு நம்பி முக்காவாசி மேல வந்துரும். வெளிய ஈரம் இருக்காது. காஞ்சு செத்துப்போகும். ஆனா ஒண்ணு ரெண்டு வரவே வராது. அதுகளுக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல. பொய் இடிய அதுக நம்புறதில்ல. நெசமா மழை பேஞ்சு, மண்ணு ஆழமா நனைஞ்சு, அந்த ஈரம் கொஞ்ச நாளைக்கு நிக்கும்னு தெரிஞ்சாத்தான் அசையும். வருஷக்கணக்கா இருக்கும். உங்கண்ணன் அந்த ரகம்."

"மதினி, எங்கண்ணன் உங்களுக்குத் தவளையா?"

சுரீரென்றது. வேறு யாராவது கேட்டிருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். "கிட்ட போயி நெஞ்சுல காதை வச்சுப் பாரு. நான் சொல்ற வரைக்கும் எடுக்காத" என்றேன்.

அவன் விடைபெறுகிற மாதிரிதான் குனிந்தான். காதை வைத்தான். வெளியே ஜனங்கள் குளியல் தொட்டிக்கு வரிசை போடுகிற சத்தம், பிள்ளைகள் அழுகிற சத்தம். அவன் தலையைத் தூக்கப் பார்த்தான், அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்து அவன் உடம்பு தூக்கிப்போட்டது.

"மதினி... அடிச்சிச்சு."

"அடிக்கும்."

"ஒரே ஒரு தடவ. ஆனா அடிச்சிச்சு." அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "இத டாக்டர்கிட்ட சொல்லுங்க!"

"அவருக்குத் தெரியாதா? ரெண்டு ஆடி தாண்டி அடிக்கிற இதயத்தைச் சட்டம் கணக்குல வச்சுக்கிறதில்ல. ஊசி போட்டா ஒரு வாரம். இல்லைன்னா உடம்பை வாங்கிக்கங்கன்னு சொல்றாரு."

"உசுரோட இருக்கவனுக்கு நான் எப்பிடிக் கொள்ளி வைக்கிறது?"

"வைக்காத. உங்க வகையறாவுல எரிக்கிறது உண்டா?"

அவன் என்னைப் பார்த்தான். மெதுவாகப் புரிந்தது. "இல்ல" என்றான். "எங்க ஆளுக புதைக்கிறதுதான்."

அவ்வளவுதான் பேச்சு. டாக்டர் நிலவனிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார், எரிப்பா புதைப்பா என்று. ரித்விக் புதைப்பு என்றான். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யாரும் கேட்காமலேயே, "தொட்டிக் களிமண்ணையும் வேணும்னா எடுத்துட்டுப் போங்க மேடம், நாங்க எப்படியும் கொட்டத்தான் போறோம்" என்றார்.

சட்டத்தை ஏமாற்றுவது சுலபம். சொந்தக்காரர்கள்தான் கஷ்டம்.

செய்தி கேட்டதும் தெருவே வந்துவிட்டது. எழுந்து அரை நாள் கூட ஆகாத ஜனங்கள், முகத்தில் உறைத் தோல் ஒட்டிக்கொண்டிருக்க வந்து ஒப்பாரி வைத்தார்கள். பெரியத்தை மிருதுளா எண்ணெயும் சீயக்காயுமாக வந்தார், நீர்மாலை எடுத்து உடம்பைக் குளிப்பாட்ட வேண்டும் என்று. எண்ணெய் பட்டால் தோல் மூச்சு அடைபடும். சீயக்காய் பட்டால் உறை பிரிந்துவிடும். நான் குறுக்கே நின்றேன்.

"குளிப்பாட்டாமயா அனுப்புவ? ஏண்டி, புருஷன் செத்ததுல புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"ஆமா அத்தை, பேதலிச்சுப் போச்சு. வெறும் தண்ணி தெளிங்க. அதுக்கு மேல ஒண்ணும் படக் கூடாது."

நெற்றியில் வைக்கச் செப்புக் காசு வந்தது, தட்டிவிட்டேன். சந்தனம் வந்தது, மஞ்சள் வந்தது, பன்னீர்ச் செம்பு வந்தது. ஒவ்வொன்றையும் மறித்தேன். வாய்க்கரிசியை வாயில் போடாமல் காலடியில் போடச் சொன்னேன். தெருமுனையில் கொட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். பக்கத்தில் நின்று அடிக்கிற கொட்டு நிஜ இடி மாதிரி மண்ணுக்குள் இறங்கும். பொய் இடிக்கு ஏமாறாத மனுஷன் அதற்கு ஏமாந்துவிட்டால்? ரித்விக் ஓடிப்போய் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்கண்ணனுக்குச் சத்தம் ஆகாதுய்யா" என்றான். மதுரைக்காரனுக்குச் சத்தம் ஆகாதாம்! யார் நம்புவார்கள்? ஆனால் அவன் அழுத அழுகையைப் பார்த்து அவர்கள் கொட்டைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

பொம்பளைகள் தெருமுனையோடு திரும்ப வேண்டும் என்பது வழக்கம். நான் வண்டியில் ஏறிக்கொண்டேன். யாரும் இறக்கிவிடத் துணியவில்லை.

இடுகாடு ஒரு வறண்ட கண்மாய்க் கரையில் இருந்தது. குழி வெட்டுகிறவர் நெஞ்சளவு வெட்டி வைத்திருந்தார். பாதியை நிரப்பச் சொன்னேன், மழை ஈரம் அவரை எட்ட வேண்டும். "மேலாக்கப் புதைச்சா நாய் தோண்டிரும்மா" என்றார். சுற்றிலும் கருவேல முள்ளைப் போட்டுக்கொள்கிறேன் என்றேன். தொட்டிக் களிமண்ணை அடியில் பரப்பி அவரை இறக்கினோம். அப்போதுதான் பெரியத்தையின் மகன் ஒரு மூட்டையை அவிழ்த்தான். உப்பு.

உப்பு போடாமல் எங்கள் பக்கத்தில் யாரையும் புதைப்பதில்லை. ஆளுக்கு ஒரு கை போடுவார்கள். தவளை மேல் உப்புப் பட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதீர்கள். நான் குழிக்குள் குதித்துவிட்டேன். அறுபதைத் தாண்டின பொம்பளை, இடுகாட்டுக் குழிக்குள், புருஷன் பக்கத்தில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. "ஒரு கல்லு உப்பு விழுந்துச்சு, நான் இங்கனயே படுத்துக்குவேன். என்னையும் சேத்து மூடிட்டுப் போங்க!" என்றேன்.

ரித்விக்தான் மூட்டையை வாங்கி ஓரமாக வைத்தான். பிறகு தண்ணீர்க் குடத்தைத் தோளில் ஏற்றினான். அந்தக் குடத்தில் ஓட்டை போட்டுத் தண்ணீர் ஒழுக ஒழுகக் குழியைச் சுற்றி வந்து, கடைசியில் உடைக்க வேண்டும். அது அவனுடைய ஒரு வாரத்துக் குடிநீர்ப் பங்கு. அவன் சுற்றவில்லை. குடத்தை இறக்கி, ஓட்டை எதுவும் போடாமல், சொட்டு வீணாக்காமல் முழுவதையும் அண்ணன் மேல் மெதுவாக ஊற்றினான். வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் நடந்தான். நான் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அதன் பிறகு எனக்கு இரண்டு வேலை. காலையில் காப்பகம். சாயங்காலம் கண்மாய்க்கரை. என் பங்குத் தண்ணீரில் ஒரு செம்பு அங்கே போய்விடும். ஊர் வாய் என்னைப் பற்றிக் கண்டபடி பேசியது. பூ வைத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போகிறாளாம். வைத்துக்கொண்டுதான் போனேன். உட்கார்ந்து அன்றைய தவளையைச் சொல்லிவிட்டு வருவேன். பதில் வராவிட்டால் என்ன, அவர் விழித்திருந்த காலத்திலும் பாதிக் கதையில் குறட்டைதான்.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம், யாரும் முடுக்கிவிடாமலே இடித்தது. நான் காப்பகத்தின் ஜன்னலுக்கு ஓடினேன். தெற்கே கருகருவென்று ஏறி வந்தது. காப்பகத் தொட்டிகளில் தவளைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறின. குடை எடுக்கவில்லை, செருப்புப் போடவில்லை. கண்மாய்க்கரையை நான் எட்டும்போது மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. எத்தனை வருஷமாயிற்று அந்த மண் வாசனையை முகர்ந்து! எனக்கு முன்னாலேயே ரித்விக் வந்து தொப்பலாக நனைந்துகொண்டு நின்றான். சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மதினி, கீழ பாருங்க!"

கண்மாய்த் தரை அங்கங்கே உப்பி வெடித்தது. ஒவ்வொரு வெடிப்பிலிருந்தும் ஒரு மூக்கு. மண் தவளைகள். குறுவாய்த் தவளைகள். முதுகில் மஞ்சள் கோடு போட்ட ஒன்று, அது மதுரையில் இல்லாமலே போய்விட்டது என்று நானே எழுதியிருக்கிறேன். அழிந்துவிட்டது என்று நாங்கள் முடிவு கட்டியதெல்லாம் காலுக்கடியிலேயே படுத்துக் கிடந்திருக்கிறது. நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. "பாத்தியா! பாத்தியா ரித்விக்கு! சாகல, ஒண்ணும் சாகல!" என்று கத்தினேன்.

அவன் அதற்குள் முள்வேலிக்கு உள்ளே மண்டியிட்டிருந்தான்.

நாங்கள் மார்பின் மேல் வைத்து மூடிய கை, மண்ணைக் கீறிக்கொண்டு மேலே வந்திருந்தது. மணிக்கட்டு வரைக்கும். உறை கிழிந்து விரல்கள் வெளுப்பாகத் தெரிந்தன. மழை அவற்றின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

என் கையை மழையில் நன்றாகக் கழுவிக்கொண்டு அதைத் தொட்டேன். விரல்கள் மெல்ல மடங்கின. என் கையைப் பிடித்துக்கொண்டன. கல்யாணத்து அன்றைக்கு இப்படித்தான் பிடித்தார், வலிக்கிற மாதிரி. எனக்கு ஐயோ என்று கத்த வேண்டும் போல் இருந்தது, கத்தவில்லை.

"அண்ணே!" என்று ரித்விக் இரண்டு கையாலும் மண்ணை வாரத் தொடங்கினான். "வந்துட்டான் மதினி! எங்கண்ணன் வந்துட்டான்!"

அவன் கையை ஓங்கி அடித்தேன். "தோண்டாத!"

மற்றக் கையை மண்ணுக்குள் செலுத்திப் பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் சேறு. அதற்குக் கீழே, தினமும் ஊற்றின செம்புத் தண்ணீரையும் மீறி, மாவு மாதிரி வறட்சி. பொய் இடிக்கு ஏமாறாத மனுஷன் இந்த நிஜ இடிக்கு ஏமாந்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தேன். தெற்கே மேகம் கிழிந்து நீலம் தெரிய ஆரம்பித்திருந்தது. தூறலாகிவிட்டது.

"இது ஒரு மத்தியான மழை ரித்விக்கு. இவரு உடம்பு திரும்பக் கூடிவர, ஒரு மாசத்துக்கு இந்த மண்ணு காயாம நனைஞ்சு கிடக்கணும். இப்ப எந்திரிச்சா, ஊசி போட்டவங்க கதைதான்."

"தண்ணி ஊத்துவோம்! என் பங்கு, உங்க பங்கு, தெருவுல கேப்போம்..."

"நம்ம பங்கு ஒரு குடம். இந்தக் கண்மாய் நிறையணும்டா."

அவன் கையைச் சேற்றில் வைத்தபடியே என்னைப் பார்த்தான். "ஒரு வாரம் இருப்பான்ல மதினி? ஒரு வாரம் பேசுவான்ல?"

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. சாமி சத்தியமாக அதுதான் வேண்டியிருந்தது. ஒரு வாரம் போதும், இன்றைக்கு என்ன தவளை என்று ஒரு தடவை கேட்டால் போதும், அப்புறம் எது வேண்டுமானாலும் ஆகட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நல்ல மழை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அஞ்சு வருஷமோ, இருபது வருஷமோ. நான் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பேன். அவர் எழுந்து உட்காரும்போது தலை துவட்டிவிட ஆள் இருக்காது. என் பெயரைச் சொல்லித் தேடுவார்.

சுற்றிலும் தவளைகள் கத்த ஆரம்பித்திருந்தன. பாவம், அவசரக்குடுக்கைகள். நாளைக்கு வெயிலில் பாதி இருக்காது. நல்ல மழைக்குக் காத்திருக்கிற கெட்டிக்காரப் பயல்கள் இன்னும் கீழேதான் கிடக்கும்.

அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க மறுபடியும் வந்து பற்றின.

"விடுடா" என்றேன். "இது உன் மழை இல்ல. தூங்கு. நல்ல மழை வரட்டும். நான் இருந்தா வந்து எழுப்புறேன். இல்லாட்டி நீயா எந்திரிச்சுக்கோ, என்னைத் தேடாத."

கடைசி விரலும் விட்டது. கையைப் பதமாக மடக்கி மண்ணுக்குள் இறக்கினேன். ரித்விக் விம்மிக்கொண்டே ஈர மண்ணை அள்ளி அள்ளிக் கொடுத்தான். நான் அதை மேலே போட்டு, உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினேன்.